‘ஒர்க்ஸ்டேஷன் திறன்’ என்று போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் கணினி வாங்குவோருக்கான கட்டுரை ஒன்று வந்திருந்தது. இன்றைய டெஸ்க்டாப் செயலிகளே ஒர்க்ஸ்டேஷன், அதாவது கனமான தொழில் வேலைக்கான கணினி, செய்கிற வேலையைச் செய்துவிடும், கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது அதன் சாரம். அதே இதழில் அரைப் பக்க விளம்பரத்தில் ‘ஒர்க்ஸ்டேஷன் திறன் கொண்ட டெஸ்க்டாப்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்த வாரம் ஒரு வாசகர் அதை மறுத்து, கணினியை வைத்துத் தொழில் செய்கிற யாராக இருந்தாலும் ஒர்க்ஸ்டேஷன் செயலிதான் வாங்க வேண்டும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். நான் இருபது வருடத்துக்கு மேலாக மதுரையில் கணினி அசெம்பிள் செய்து கொடுக்கிறவன். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், கட்டட வரைபடம் போடுகிறவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் என்று கடைக்கு வருகிற பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கட்டுரையாளர் சொன்னதை நம்பி நஷ்டப்பட்டவரையும் எனக்குத் தெரியும், மறுத்து எழுதிய வாசகர் சொல்வதைப் போலச் செய்து நஷ்டப்பட்டவரையும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப், ஒர்க்ஸ்டேஷன் என்ற பெயர்களுக்கு நடுவே இருக்கிற கோடு, விற்கிறவர்கள் தங்கள் வசதிக்குத் தகுந்தபடி இழுத்துப் போடுகிற கோடு. எனக்குத் தெரிந்து இதற்குத் தெளிவான உதாரணம் 2003-ல் நடந்தது. அந்த வருடம் ஜூன் 23 அன்று ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி5 என்ற கணினியை அறிவித்தது, உள்ளே ஐபிஎம் தயாரித்த பவர்பிசி 970 செயலி. உலகத்திலேயே வேகமான பர்சனல் கம்ப்யூட்டர் இதுதான், 64 பிட் செயலியோடு, அதாவது ஒரே மூச்சில் 64 பிட் (0 அல்லது 1 என்ற குறி) தகவலைக் கையாளுகிற செயலியோடு வருகிற முதல் பர்சனல் கம்ப்யூட்டரும் இதுதான் என்று சொன்னார்கள். ஆனால் ஏஎம்டி நிறுவனத்தின் ஆப்டெரான் என்ற சர்வர், ஒர்க்ஸ்டேஷன் செயலி அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஏப்ரல் 22 அன்றே வந்துவிட்டது. அதுவும் 64 பிட்தான், அதைப் பொருத்திய ஒர்க்ஸ்டேஷன்கள் ஜி5 வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன்பே விற்பனைக்கு வந்திருந்தன. இன்னும் பின்னால் போனால் 1992-ல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஆல்ஃபா, 1995-ல் சன் நிறுவனத்தின் அல்ட்ராஸ்பார்க் என்று 64 பிட் செயலி மேசைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதைச் சுட்டிக்காட்டியவர்களுக்கு ஆப்பிள் பக்கம் நின்றவர்கள் சொன்ன பதில், அதெல்லாம் ஒர்க்ஸ்டேஷன், நாங்கள் பேசுவது பர்சனல் கம்ப்யூட்டர் என்பது.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் தன் வேகத்தை நிரூபிக்க அதே ஆப்பிள் எதோடு ஒப்பிட்டது தெரியுமா? டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 டெஸ்க்டாப்போடு மட்டும் நிறுத்தாமல், இன்டெலின் ஒர்க்ஸ்டேஷன், சர்வர் ரகமான ஜியான் செயலி இரண்டு போட்ட டெல் ஒர்க்ஸ்டேஷனோடும்தான். ‘முதல்’ என்று சொல்லும்போது ஒர்க்ஸ்டேஷன் கணக்கில் வராது, ‘வேகம்’ என்று சொல்லும்போது மட்டும் வரும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் அப்புறம் வந்த இருபது வருட விளம்பரங்களையும் படிக்கத் தெரிந்துவிடும். அந்தச் சோதனையில் இரண்டு பக்கத்துக்கும் ஜிசிசி என்ற ஒரே கம்பைலரை, அதாவது நிரலைச் செயலிக்குப் புரிகிற கட்டளையாக மாற்றுகிற மென்பொருளை, பயன்படுத்தினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்டெலின் சொந்தக் கம்பைலரை வைத்து டெல் ஏற்கெனவே வெளியிட்டிருந்த மதிப்பெண்கள் அதைவிடக் கூடுதல். கடைசியில் அந்த நவம்பரில் பிரிட்டனின் தொலைக்காட்சி ஆணையம், நேயர்கள் கொடுத்த புகாரை ஏற்று, ‘உலகத்திலேயே வேகமான’ என்ற விளம்பரம் தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது, அதே வடிவில் மறுபடி ஒளிபரப்பக் கூடாது என்று சொல்லிவிட்டது.

ஆப்பிளை மட்டும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதே 2003 செப்டம்பரில் ஏஎம்டி, விளையாட்டுப் பிரியர்களுக்கான டெஸ்க்டாப் செயலி என்று அத்லான் 64 எஃப்எக்ஸ்-51 என்பதைக் கொண்டுவந்தது. அது பெரும்பாலும் ஆப்டெரான்தான், அதே 940 பின் சாக்கெட், சர்வருக்குப் போடுகிற ரெஜிஸ்டர்டு மெமரியைத்தான் அதற்கும் வாங்கிப் போட வேண்டும். ஒரே சரக்கு, இரண்டு பெயர், இரண்டு விதமான வாடிக்கையாளர்.

அப்படியென்றால் கட்டுரையாளர் சொன்னது சரிதானே, பெயரில்தான் வித்தியாசம், உள்ளே ஒன்றுமில்லை என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் நான் அவரிடமிருந்து விலகுகிறேன். அதே ஜி5 கதையின் அடுத்த பகுதியையும் சொல்கிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் அந்த வருடம் 1,100 பவர் மேக் ஜி5-களை வாங்கி, ஒன்றோடொன்று இணைத்து, ‘சிஸ்டம் எக்ஸ்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டியது. பொருத்தும் வேலையில் மாணவர்களும் கை கொடுத்தார்கள். 2003 நவம்பரில் வந்த உலகின் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் அதற்கு மூன்றாவது இடம், வேகம் 10.28 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்றால் வினாடிக்கு லட்சம் கோடி கணக்கு). டெஸ்க்டாப்பை அடுக்கியே உலகத்தில் மூன்றாவது இடத்துக்கு வர முடிகிறது என்றால் எவ்வளவு பெரிய விளம்பரம் அது! ஆனால் அடுத்த வருடமே அந்த 1,100 கணினிகளையும் கழற்றிவிட்டு, ஆப்பிளின் சர்வர் ரகமான எக்ஸ்சர்வ் ஜி5-களைப் போட்டார்கள். செயலி அதே ஜி5 குடும்பம்தான். மாறிய முக்கியமான விஷயம் மெமரி. பவர் மேக்கில் பிழை திருத்தும் மெமரி, அதாவது ஈசிசி கிடையாது, எக்ஸ்சர்வில் உண்டு. நாள்கணக்கில் ஓடுகிற கணக்கில் எங்கோ ஒரு பிட் மாறிப்போனால் கண்டுபிடிக்கவே வழியில்லாத கணினியில் வருகிற விடையை எந்த ஆராய்ச்சியாளர் நம்புவார்? மூன்றாவது இடம் வாங்கிய அதே வேகம் அங்கே உதவவில்லை.

ஈசிசி என்றால் என்ன என்று கடையில் நான் சொல்கிறபடியே சொல்கிறேன். சாதாரண மெமரி 64 பிட் தகவலை அப்படியே வைத்துக்கொள்ளும். ஈசிசி மெமரி அதோடு 8 பிட் சரிபார்ப்புக் குறிப்பையும் சேர்த்து 72 பிட்டாக வைத்துக்கொள்ளும், அதனால் ஒரு பிட் மாறினால் தானே திருத்திவிடும், இரண்டு மாறினால் திருத்த முடியாது ஆனால் கோளாறு என்று சொல்லிவிடும். பிட் எதற்கு மாறுகிறது என்றால், சிப் பழசாவது, சூடு, மின்சாரத் தடுமாற்றம், விண்வெளியிலிருந்து வருகிற துகள் என்று காரணம் நிறைய. இது எங்கோ ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற பிரச்சினை என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூகுளின் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரி பட்டைகளில் பிழை பதிவானது என்று வந்தது.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. பல வருடங்கள் இன்டெல் இந்த வசதியைத் தன் கோர் ஐ5, ஐ7, ஐ9 டெஸ்க்டாப் செயலிகளில் கொடுக்காமல், ஜியான் என்ற பெயருக்குப் பணம் கொடுத்தால்தான் என்று வைத்திருந்தது. சில ஐ3, பென்டியம் ரகங்களில்கூடக் கொடுத்தார்கள், நடுவில் இருக்கிற ஐ5, ஐ7-க்குக் கிடையாது! இது தொழில்நுட்பக் காரணமாக இருக்க முடியாது, சந்தையைப் பிரிக்கிற வேலை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதைப் பற்றி மிகவும் காட்டமாக எழுதினார். அவருக்கே அடுத்த வருடம் இது நடந்தது. 2022 அக்டோபரில், லினக்ஸின் அடுத்த பதிப்புக்கான வேலை மும்முரமாக நடக்கும்போது 32 கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) கொண்ட, ஏஎம்டியின் பெரிய ரகமான த்ரெட்ரிப்பர் செயலி போட்ட அவருடைய கணினி தாறுமாறாக நடக்க ஆரம்பித்தது, முதலில் மென்பொருளில் பிழை என்று தேடினார், கடைசியில் பார்த்தால் கெட்டுப்போன மெமரி. ஈசிசி கிடைக்காத நேரத்தில் சாதாரண மெமரியைப் போட்டிருந்தார். அவருக்கே அந்த நிலை என்றால் நம் ஊரில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை என்ன செய்யும்?

அப்படி ஒரு பிள்ளை என்னிடம் வந்தார். பெயர் வேண்டாம். முனைவர் பட்ட மாணவி, உலோகத்தில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடுகிற வேலை, ஒரு தடவை ஓட்டினால் நான்கு நாள். ‘ஒர்க்ஸ்டேஷன்’ என்று பில்லில் போட்டு, வெளியூர்க் கடை ஒன்று அவருக்கு ஒரு கணினியை விற்றிருந்தது. ஒரே கணக்கை மூன்று தடவை ஓட்டி மூன்று விடை வந்ததால் தன் நிரலில்தான் தவறு என்று நினைத்து ஒன்றரை மாதம் தூங்காமல் தேடியிருக்கிறார். “அண்ணா, எனக்குத் தெரிந்த எல்லாம் பார்த்துவிட்டேன், கணினியைக் கொஞ்சம் பாருங்கள்” என்று கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டு, சாதாரண மெமரி. இரவு முழுக்க மெமரி சோதனை ஓட்டினேன், ஒரு பட்டையில் பிழை வந்தது. அந்தப் பட்டை என்ன விலை இருக்கும்? ஆனால் அந்த ஒன்றரை மாதம் அவருக்குத் திரும்ப வராது. விற்ற கடையில் கேட்டால், “டிடிஆர்5-ல் ஈசிசி உள்ளேயே இருக்கிறதே” என்றார்களாம்.

இந்தப் பதிலைத் தயவுசெய்து உங்கள் வாசகர்கள் யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். இப்போதைய தலைமுறை மெமரியான டிடிஆர்5-ன் சிப்புக்குள்ளே ஒரு திருத்தம் இருக்கிறது, உண்மைதான். அது அந்தச் சிப்புக்குள் நடக்கிற கோளாறைத் தானே சரிசெய்துகொள்ள வைத்தது. மெமரியிலிருந்து செயலிக்கு வருகிற பாதையில் நடப்பதை அது பார்க்காது, பிழை வந்ததை இயங்குதளத்துக்கும் சொல்லாது. உண்மையான ஈசிசி வேண்டுமென்றால் ஈசிசி என்று தனியாகப் போட்ட மெமரி, அதை ஏற்கிற செயலி, அதை ஏற்கிற மதர்போர்டு மூன்றும் சேர வேண்டும். இன்றைக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. இன்டெலின் 12-ம் தலைமுறையிலிருந்து டபிள்யூ680 சிப்செட் போட்ட போர்டு வாங்கினால் பல கோர் செயலிகளிலேயே ஈசிசி வேலை செய்கிறது. ஏஎம்டி ரைசனில் போர்டு தயாரிப்பாளர் ஒத்துழைத்தால் வேலை செய்கிறது. அதாவது ‘டெஸ்க்டாப்’ என்று பெயர் வைத்ததில் இருக்கலாம், ‘ஒர்க்ஸ்டேஷன்’ என்று விற்றதில் இல்லாமலும் இருக்கலாம். பெயரைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

வேகத்தைப் பற்றிய விளம்பரங்களுக்கு வருகிறேன். 2018 ஜூனில் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் இன்டெல் 28 கோர் செயலி ஒன்றை மேடையில் 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அப்புறம்தான் மேசைக்குக் கீழே ஒரு பெரிய தண்ணீர் குளிரூட்டும் இயந்திரம் இருந்தது தெரியவந்தது. ஓவர்கிளாக் செய்ததை, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டியதை, சொல்ல மறந்துவிட்டோம் என்றார்கள். 2019 ஜனவரியில் அந்தச் செயலி ஜியான் டபிள்யூ-3175எக்ஸ் என்று 2,999 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது அதன் அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், டர்போ, அதாவது கொஞ்ச நேரம் தானே கூட்டிக்கொள்ளும் வேகத்தின் உச்சம் 4.3. அதே 2018 அக்டோபரில் இன்டெல் பணம் கொடுத்துச் செய்யவைத்த ஒரு சோதனையில் ஐ9-9900கே செயலியை ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸோடு ஒப்பிட்டார்கள். எட்டு கோர் கொண்ட 2700எக்ஸில் ‘கேம் மோட்’ என்ற அமைப்பை இயக்கிவிட்டு, பாதி கோர் அணைந்த நிலையில் சோதித்தார்கள் என்பதை வெளியாட்கள் கண்டுபிடித்தார்கள். மறுபடி சரியாகச் சோதித்தபோது இடைவெளி குறைந்துவிட்டது.

ஏஎம்டி மட்டும் என்ன? 2018 ஆகஸ்டில் 1,799 டாலருக்கு 32 கோர் த்ரெட்ரிப்பர் 2990டபிள்யூஎக்ஸ் வந்தது. ரெண்டரிங், அதாவது முப்பரிமாணக் காட்சியைப் படமாக்கும் சோதனையில் எல்லாரையும் தாண்டியது, அந்தப் படத்தைத்தான் எல்லா இடத்திலும் காட்டினார்கள். உள்ளே நான்கு சிப், அதில் இரண்டுக்கு நேரடியாக மெமரியோடு தொடர்பே கிடையாது, பக்கத்துச் சிப் வழியாகத்தான் போய் வர வேண்டும். அதனால் சில வேலைகளில் அதே குடும்பத்தின் 16 கோர் செயலியே 32 கோரை முந்தியது. அதற்கும் முன்னால் 2011-ல் வந்த எஃப்எக்ஸ் செயலிகளை எட்டு கோர் என்று விற்றார்கள். இரண்டிரண்டு கோர்கள் தசமக் கணக்குப் போடும் பகுதி ஒன்றைப் பங்கிட்டுக்கொண்டன, இது எப்படி எட்டு ஆகும் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2019-ல் 1.21 கோடி டாலர் கொடுத்து ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது. இன்று 24 கோர் என்று எழுதுகிற ஐ9-14900கே-யில் பெரிய கோர் 8, சிறிய கோர் 16. இதில் ஒளிவுமறைவு இல்லை, இன்டெல் தன் தளத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஆனால் நம் ஊர் விளம்பரத்தில் 24 மட்டும்தான் வரும்.

அப்புறம் ‘வரை’ என்ற சொல். ‘6 கிகாஹெர்ட்ஸ் வரை.’ அந்த வேகம் ஒன்றிரண்டு கோர்களுக்கு, கொஞ்ச நேரத்துக்கு. எல்லாக் கோரும் மணிக்கணக்கில் ஓடும்போது கணினி எவ்வளவு வேகத்தில் நிற்கிறது என்பதுதான் தொழில் செய்கிறவருக்கு வேண்டிய எண், அது எந்த விளம்பரத்திலும் இருக்காது. அதே 14900கே-யின் அடிப்படை மின் அளவு 125 வாட், டர்போவில் 253 வாட். மே மாதம் மதுரையில், ஏசி இல்லாத அறையில், சாதாரண கூலரோடு அந்த 253 வாட்டைத் தொடர்ந்து வெளியேற்ற முடியாது. இந்த வேகப் போட்டிக்கு ஒரு விலையும் இருந்தது. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளில் சில நிலைகுலைந்து போவதற்கு, தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனது காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெலே சொல்லி, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டதால், எல்லாரும் ஒர்க்ஸ்டேஷன் செயலி வாங்குங்கள் என்ற வாசகரின் பக்கம் நான் இருக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் வருகிற கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர், யாரோ சொன்னார் என்று, கடன் வாங்கி ஒர்க்ஸ்டேஷன் செயலியோடு ஒரு கணினி வாங்கினார். இப்போதைய கேமராக்கள் எச்.265 முறையில் சுருக்கி எடுக்கிற 4:2:2 10 பிட் காட்சியை (நிற விவரம் கூடுதலாக உள்ள வகை) டைம்லைனில் ஓட்டினால் திக்கித் திக்கி நின்றது. காரணம் எளிது. இன்டெலின் டெஸ்க்டாப் செயலிகளில் பெரும்பாலானவற்றில் உள்ளேயே ஒரு கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது, அதில் ‘குவிக் சிங்க்’ என்ற வீடியோ பகுதி இந்த வகைக் காட்சியைத் தானே பிரித்துக் கொடுத்துவிடும். பெரிய ஒர்க்ஸ்டேஷன் செயலிகளில், ஜியான் டபிள்யூ ஆகட்டும் த்ரெட்ரிப்பர் ஆகட்டும், அந்தப் பகுதியே கிடையாது. அவர் கொடுத்ததில் பாதிக்கும் குறைவான விலையில் ஒரு டெஸ்க்டாப் அவர் வேலையை நன்றாகச் செய்திருக்கும். அவர் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

பெரிய செயலி யாருக்கு வேண்டும் என்றால், கோர் எண்ணிக்கையைவிட மற்ற இரண்டு விஷயங்கள் தேவைப்படுகிறவர்களுக்கு. ஒன்று மெமரி. டெஸ்க்டாப்பில் மெமரிக்கு இரண்டு பாதை, த்ரெட்ரிப்பர் ப்ரோவிலும் ஜியான் டபிள்யூ-3400 வரிசையிலும் எட்டு. இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றைச் செயலியோடு இணைக்கிற பாதைகளான பிசிஐ லேன்கள். டெஸ்க்டாப்பில் செயலியிலிருந்து நேரடியாகக் கிடைப்பது இருபது, இருபத்து நான்கு என்ற அளவில், த்ரெட்ரிப்பர் ப்ரோவில் 128. நான்கு கிராபிக்ஸ் கார்டு போட்டு ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கிறவர், அணைக்கட்டின் அழுத்தத்தைக் கணக்குப் போடுகிறவர், இவர்களுக்கு டெஸ்க்டாப் போதும் என்று சொல்வது துரோகம். மற்றபடி ஆட்டோகேடில் இரு பரிமாண வரைபடம் போடுகிறவருக்கு அந்த வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது, அவருக்கு 64 கோரை விற்பதும் துரோகம்தான்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த தடவை இப்படி ஒரு விளம்பரமோ கட்டுரையோ போடும்போது, ‘ஒர்க்ஸ்டேஷன் திறன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ஈசிசி உண்டா இல்லையா, மெமரிப் பாதை எத்தனை, லேன் எத்தனை, எல்லாக் கோரும் ஓடும்போது வேகம் எவ்வளவு, எந்தக் கூலரோடு சோதித்தார்கள், சோதனைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று விளம்பரம் கொடுப்பவரிடம் கேட்டு எழுதுங்கள். ஐந்தாறு வரிதான் ஆகும். கேட்டும் சொல்லவில்லையென்றால், சொல்லவில்லை என்றே போடுங்கள்.

அந்த மாணவி இப்போது ரைசன் செயலியில், ஈசிசி ஏற்கிற போர்டோடு, ஈசிசி மெமரி போட்டு வேலை செய்கிறார். கட்டுரையாளரின் கணக்கில் அது வெறும் டெஸ்க்டாப். போன மாதம் ஒரே கணக்கை மூன்று தடவை ஓட்டி, மூன்று தடவையும் ஒரே விடை வந்ததை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
மதுரை.